மதுரைக்கு ஒரு பஞ்சாங்க நிரல்: எந்த நூலை, எந்தத் தொகுப்பை வைத்து எழுதுவது?

சோழவந்தானில் என் தாய்மாமா வீட்டுக் கூடத்தில் ஒரே ஆணியில் இரண்டு பஞ்சாங்கங்கள் தொங்குகின்றன. ஒன்று பழைய மனப்பாட அட்டவணைகளை வைத்துக் கணித்த வாக்கியம், மற்றது இன்றைய வானியல் கணக்கை ஒட்டிய திருக்கணிதம். அமாவாசையும் பௌர்ணமியும் முடியும் நேரத்தில் இரண்டும் பெரும்பாலும் நெருங்கியே நிற்கும். அஷ்டமி வந்துவிட்டால் மட்டும் சில மாதங்களில் நான்கைந்து மணி நேரம்கூட விலகிப் போகும். பார்த்துப் பார்த்துச் சலித்த மாமா ஒருநாள், “ஏன் மாப்ள, கம்ப்யூட்டர் படிச்சிருக்கீகள்ல, நம்ம ஊருக்கு நீங்களே ஒண்ணு கணிச்சுத் தரக் கூடாதா?” என்று கேட்டுவிட்டார். அவருக்கு வேண்டியவை மதுரைக்கான சூரியோதயம், திதியும் நட்சத்திரமும் முடியும் நேரம், தமிழ் மாதப் பிறப்பு, ராகு காலம் ஆகியவைதான். ஆயினும் எந்த நூலை வைத்துக்கொண்டு நிரலை நானே எழுதுவது, அல்லது பிறர் எழுதிவைத்த ஆயத்த நிரல் தொகுப்பை எடுத்துப் பயன்படுத்திக்கொள்வதா என்று முடிவு செய்வதற்கே எனக்குப் பல வாரங்கள் ஆயின. அதே இடத்தில் வந்து நிற்பவர்களுக்கு உதவும் என்பதால் நான் பார்த்தவற்றை இங்கே ஒப்பிட்டு எழுதுகிறேன்.

எந்த வழியைத் தேர்ந்தாலும், அதற்கு முன்பு, கோணத்தில் சொல்லப்படும் பிழையைக் கடிகார நிமிடங்களாக மாற்றிப் பார்த்துவிட வேண்டும். ஒரு பாகை 60 கலை, ஒரு கலை 60 விகலை. சூரியனுக்கும் சந்திரனுக்கும் இடையிலான விலகல் 12 பாகை கூடுவதற்கு ஆகும் காலமே ஒரு திதி. அந்த விலகல் சராசரியாக நாளொன்றுக்கு 12.19 பாகை வளர்கிறது. ஆகவே சந்திரனின் ஸ்புடத்தில் (ராசிச் சக்கரத்தில் அது நிற்கும் கோணத்தில்) 1 கலை பிழை இருந்தால் திதி முடிவு ஏறக்குறைய 2 நிமிடம் பிசகும். சூரியனோ ஒரு நாளில் ஒரு பாகைக்கும் சற்றுக் குறைவாகவே நகர்வதால், சூரிய ஸ்புடத்தில் அதே 1 கலைப் பிழை சங்கராந்தி நேரத்தை, அதாவது சூரியன் அடுத்த ராசிக்குள் நுழைந்து தமிழ் மாதம் பிறக்கும் நேரத்தை, 24 நிமிடம் தள்ளிவிடும். சூரியோதயத்திலோ அது நான்கு விநாடிக்கு மேல் போகாது. ‘மிகத் துல்லியமானது’ என்று ஒரு தொகுப்பைப் பற்றி யாராவது சொன்னால், எதற்குத் துல்லியமானது என்று திருப்பிக் கேட்க வேண்டியது இதனால்தான்.

சொந்தமாக எழுதுவதென்றால், என் கணிப்பில் முதலில் கையில் எடுக்க வேண்டிய நூல் பெல்ஜியத்துக்காரரான ழான் மேயூஸ் எழுதிய ‘அஸ்ட்ரானமிக்கல் அல்காரிதம்ஸ்’. அதன் முதற்பதிப்பு 1991-இலும் விரிவாக்கிய இரண்டாம் பதிப்பு 1998-இலும் வந்தன. ஜூலியன் நாள் எண்ணில் (ஒரு பழைய தொடக்க நாளிலிருந்து விடாமல் எண்ணிவரும் நாள் கணக்கில்) தொடங்கி, நட்சத்திர நேரம், உதய அஸ்தமனம், சூரியன், கிரகங்கள், சந்திரன் என்று படிப்படியாக ஏறும் அந்நூல் எந்தக் கணினி மொழியையும் சார்ந்திருக்கவில்லை. சூத்திரங்களைத் தந்து, அவற்றுக்குப் பல தசம இடங்கள் வரை ஓர் உதாரணக் கணக்கையும் செய்து காட்டுகிறது. நிரல் எழுதுபவனுக்கு அந்த உதாரணங்களே பெரும் உதவி. ஏனென்றால் நம் விடை ஏழாவது தசமத்தில் மாறினால் எந்த வரியில் தவறு நேர்ந்தது என்று அங்கேயே பிடித்துவிடலாம்.

அதில் சூரியனுக்கு இரண்டு வழிகள் உண்டு. சுருக்கமான வழியில் பிழை 0.01 பாகை, அதாவது 36 விகலை. சூரியோதயத்துக்கு அது தாராளமாகப் போதும். திதிக்கு ஒரு நிமிடத்துக்குச் சற்று மேல் பிசகும், சங்கராந்திக்குக் கிட்டத்தட்ட கால் மணி நேரம் பிசகும். எனவே மாதப் பிறப்பு வேண்டுபவர்கள் பாரிஸில் பிரெத்தஞோன், பிரான்கூ ஆகிய இருவர் உருவாக்கிய ‘விஎஸ்ஓபி 87’ என்ற தொடரின் சுருக்கத்தை அதே நூலின் பிற்சேர்க்கையிலிருந்து எடுத்து எழுத வேண்டியிருக்கும். கூடவே, பூமியின் ஓட்டத்தால் சூரியன் சற்று விலகித் தெரிவதற்கான பிறழ்ச்சித் திருத்தமான 20.5 விகலையைக் கழிக்க மறந்தால் சங்கராந்தி 8 நிமிடம் தவறும் என்பதையும் சொல்லிவைக்கிறேன். முதல் தடவையில் நான் மறந்திருந்தேன்.

சந்திரனைப் பற்றிய 47-ஆம் அத்தியாயம்தான் அந்நூலின் உயிர். ஸ்புடத்துக்கு 60 வரிகளும் அட்சத்துக்கு (வடக்கு-தெற்கு விலகலுக்கு) 60 வரிகளும் கொண்ட அட்டவணை அது. திதிக்கும் நட்சத்திரத்துக்கும் ஸ்புடம் மட்டும் போதுமாகையால், முதல் 60 வரிகளைத் தட்டச்சு செய்வது ஒரு மாலைப்பொழுதின் வேலை. அதற்குக் கிடைக்கும் துல்லியம் சுமார் 10 விகலை. திதிக் கணக்கில் 20 விநாடி.

அந்த அட்டவணையின் முதல் மூன்று வரிகளில்தான் மாமா வீட்டு ஆணியில் தொங்கும் சண்டைக்கு விடை கிடைத்தது. சந்திரன் தன் அண்மைப் புள்ளியிலிருந்து விலகிய கோணத்தின் சைனுடன் 6.29 பாகையைப் பெருக்கச் சொல்கிறது முதல் வரி. நம் பழைய கணிதத்தில் மந்த பலன் எனப்படுவது இதற்கு இணையானது. இரண்டாவது வரி 1.27 பாகை அளவுள்ள திருத்தம், அது சூரியன் நிற்கும் இடத்தையும் சார்ந்தது. அமாவாசையிலும் பௌர்ணமியிலும் இந்த இரண்டாவது திருத்தம் முதல் வரிக்கு எதிராகத் திரும்பி, இரண்டும் சேர்ந்து 5 பாகை ஆகிவிடும். அஷ்டமியை ஒட்டியோ அது முதல் வரியுடன் சேர்ந்துகொண்டு 7.56 பாகை வரை போகும். வாக்கியத்தில் மந்த பலனின் உச்ச அளவு எப்போதும் 5 பாகையை ஒட்டியே நிற்கிறது. இரண்டரை பாகை வித்தியாசத்தை நாளொன்றுக்கு 12.19 என்ற வேகத்தால் வகுத்தால் ஏறத்தாழ ஐந்து மணி நேரம் வருகிறது. மூன்றாவது வரியின் 0.66 பாகை அமாவாசை, அஷ்டமி, பௌர்ணமி மூன்றிலும் மறைந்து, சதுர்த்தியை ஒட்டி முழுமையாகத் தலைகாட்டும்.

முன்னோர் கவனக்குறைவால் இதை விட்டுவிட்டார்கள் என்று நான் எண்ணவில்லை. அவர்கள் கணக்கைச் சரிபார்க்க வைத்திருந்த பெரிய உரைகல் கிரகணம். கிரகணமோ அமாவாசையிலும் பௌர்ணமியிலும் மட்டுமே வரும். அந்த நாள்களில் 5 பாகை என்பது சரியான விடைதான். 10-ஆம் நூற்றாண்டிலேயே முஞ்சாளர் என்ற வானியலார் இரண்டாவது திருத்தம் ஒன்றைச் சொல்லியிருந்தும் அது தமிழ்நாட்டு வாக்கியக் கணிதத்துக்குள் வரவில்லை. தொகுப்பு ஒன்றை அழைத்து ஒரே வரியில் விடையை வாங்கியிருந்தால் இந்த விளக்கம் எனக்குக் கிடைத்திருக்காது. சொந்தமாக எழுதுவதற்கு ஆதரவாக என்னிடம் உள்ள வலுவான வாதம் இதுதான்.

அந்த வழியில் இடறும் கற்களும் உண்டு. மேயூஸ் மேற்குத் தீர்க்கரேகையை நேர்க்குறியாகக் கொள்பவர். எனவே மதுரையின் 78.12 பாகையை அவருடைய சூத்திரத்தில் எதிர்க்குறியுடன் இட வேண்டும். அதைக் கவனிக்காமல் ஓட்டிய முதல் நாளில் மதுரைக்குச் சூரியோதயம் மாலை நாலே முக்கால் மணி என்று வந்தது. இன்னொன்று, எண்களைக் கணினி சேமிக்கும் விதம். ஜூலியன் நாள் எண் இன்று 24 லட்சத்தைத் தாண்டிவிட்டது. அதை 32 பிட் மிதவை எண்ணாக (சுமார் ஏழு இலக்கம் மட்டுமே நிற்கும் தசம எண்ணாக) சேமித்தால் கால் நாளுக்குக் குறைந்த எதையும் அதில் குறிக்க முடியாது. எனக்குத் தெரிந்த மாணவர் ஒருவர் ஆர்டுயினோ உனோ என்ற சிறு மின்னணுப் பலகையில் உதயக் கடிகாரம் செய்தபோது நேரம் ஆறாறு மணியாகத் தாவியது. அந்தப் பலகையில் ‘டபிள்’ என்று எழுதினாலும் கிடைப்பது 32 பிட்தான் என்று தெரிந்துகொள்ள அவருக்கு ஒரு வாரம் பிடித்தது. பூமியின் சுழற்சியைச் சார்ந்த கடிகார நேரத்துக்கும் சூத்திரங்கள் கேட்கும் சீரான நேரத்துக்கும் இப்போது 69 விநாடி வித்தியாசம் உண்டு; அதை விட்டுவிட்டால் எல்லாத் திதிகளும் அதே 69 விநாடி பிசகும்.

மற்ற நூல்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பீட்டர் டஃபெட்-ஸ்மித் கால்குலேட்டருக்காக 1979-இல் எழுதிய நூல், ஜோனதன் ஸ்வார்ட்டும் சேர்ந்து 2011-இல் கொண்டுவந்த நான்காம் பதிப்பில் விரிதாளுக்கும் பொருந்துமாறு மாறியிருக்கிறது. பள்ளி மாணவர்களுக்கும், நிரல் எழுதத் தெரியாத ஆனால் எக்செல் தெரிந்தவர்களுக்கும் அது நல்ல வாசல். திதியை நிமிடத்துக்குச் சொல்வதற்கு அது எழுதப்படவில்லை. மாண்டன்புருக், ஃபிளேகர் இருவரின் ‘அஸ்ட்ரானமி ஆன் தி பெர்சனல் கம்ப்யூட்டர்’ சி++ நிரலைச் சீராக அடுக்கித் தருகிறது. பொறியியல் மாணவர்களுக்கு அது மேயூஸை விடவும் பிடிக்கக்கூடும், ஆனால் அதன் நிரல்கள் குறுந்தகட்டில் வந்தவை, இன்றைய மடிக்கணினிகளில் அதைச் செருக இடமில்லை. டெர்ஷோவிட்ஸ், ரெய்ன்கோல்ட் எழுதி 2018-இல் நான்காம் பதிப்பு கண்ட ‘கேலண்ட்ரிக்கல் கால்குலேஷன்ஸ்’ வானியல் நூல் என்பதைவிட நாட்காட்டி விதிகளின் நூல். சூரிய சித்தாந்த முறையும் அதில் இருப்பதால் அதற்கென ஒரு மதிப்பு உண்டு. லிஸ்ப் மொழியைக் கண்டு மிரளாதவர்கள் மட்டும் அதன் பக்கம் போகலாம்.

இனித் தொகுப்புகள். பைத்தான் தெரிந்தவர்களுக்கு பிராண்டன் ரோட்ஸ் எழுதிய ‘ஸ்கைஃபீல்ட்’ எனக்கு மிகவும் பிடித்தது. அமெரிக்காவின் ஜெட் புரொபல்ஷன் ஆய்வுக்கூடம் வெளியிடும் கிரக நிலைக் கோப்புகளை அது நேரடியாகப் படிக்கிறது. ஆகவே நம் தேவைக்கு அதன் துல்லியத்தைப் பற்றிக் கவலையே வேண்டியதில்லை. 1900 முதல் 2050 வரையிலான ‘டிஇ 421’ கோப்பு சுமார் 17 மெகாபைட். 1550 முதல் 2650 வரை போகும் ‘டிஇ 440’ நூறு மெகாபைட்டைத் தாண்டும். உரிமமும் தாராளமானது. முதல் முறை ஓட்டும்போது கோப்பை இணையத்திலிருந்து இறக்கிக்கொள்ளும் என்பதால், சிக்னல் கிடைக்காத இடத்துக்குக் கொண்டுபோகுமுன் ஒருமுறை ஓட்டிவிட வேண்டும். அதே ஆசிரியரின் பழைய ‘பைஎஃபெம்’ இன்னும் உயிரோடிருக்கிறது. புதிதாகத் தொடங்குபவர்களுக்கு அவரே ஸ்கைஃபீல்டைத்தான் பரிந்துரைக்கிறார்.

ஜோதிட மென்பொருள் உலகத்தில் பெயர்பெற்றது ‘சுவிஸ் எஃபெமெரிஸ்’. சூரிச்சில் உள்ள ஆஸ்ட்ரோடியென்ஸ்ட் நிறுவனத்துக்காக டீட்டர் கோக், அலோயிஸ் டிரைண்டில் இருவரும் 1997-இல் வெளியிட்ட இத்தொகுப்பு, அதே அமெரிக்கக் கோப்புகளைப் பல மடங்கு சுருக்கி வைத்திருப்பதோடு, லாகிரி உள்ளிட்ட பல அயனாம்சங்களையும் (வானியலின் தொடக்கப் புள்ளிக்கும் நம் ராசிச் சக்கரத்தின் தொடக்கத்துக்கும் இடையிலான கோணம்) உள்ளேயே கொண்டிருக்கிறது. ஸ்கைஃபீல்டில் அயனாம்சத்தை நாமே எழுதிச் சேர்க்க வேண்டும். ஆனால் இதன் உரிமத்தை நிதானமாகப் படித்துவிட்டுத்தான் தொட வேண்டும். ஒன்று, நம் மூல நிரல் முழுவதையும் ஏஜிபிஎல் உரிமத்தின் கீழ் வெளியிட வேண்டும். வலைத்தளத்தில் சேவையாக ஓட்டினாலும் அந்தக் கடமை தொடரும். இல்லையென்றால் பணம் கொடுத்துத் தொழில்முறை உரிமம் வாங்க வேண்டும். மேலும், தரவுக் கோப்பு உரிய இடத்தில் இல்லையென்றால் அது நின்றுபோகாது. தரவுக் கோப்பு தேவைப்படாத, ஆனால் துல்லியம் குறைந்த மோஷியர் முறைக்கு மாறிக்கொண்டு எச்சரிக்கையை ஓரமாக எழுதிவைத்துவிடும். எச்சரிக்கையைப் படிக்காதவர்களுக்கு அது தெரியவே தெரியாது.

கைப்பேசிக்கோ ஒரு வலைப்பக்கத்துக்கோ எழுதுபவர்கள் டான் கிராஸின் ‘அஸ்ட்ரானமி என்ஜின்’ தொகுப்பைப் பார்க்கலாம். சி, ஜாவாஸ்கிரிப்ட், பைத்தான், கோட்லின் என்று பல மொழிகளில் கிடைக்கும் அதற்குத் தனியான தரவுக் கோப்பு தேவையில்லை. அது உறுதி தரும் எல்லை 1 கலை. மேலே சொன்ன கணக்குப்படி அந்த எல்லையில் திதிக்கு 2 நிமிடம், சங்கராந்திக்கு 24 நிமிடம். பௌர்ணமி எந்த இரவு என்று காட்டும் வலைப்பக்கத்துக்கு அது போதும், மாமாவுக்குப் போதாது. சர்வதேச வானியல் ஒன்றியத்தின் ‘சோஃபா’ தொகுப்போ வீடு அன்று, செங்கல்; அயனச் சலனம், கால அளவுகள் போன்ற அடிப்படைச் செயற்கூறுகள் அதில் உண்டு. அதிலிருக்கும் சந்திரச் செயற்கூறு மேயூஸின் 1998 நூலையே ஆதாரமாகக் கொண்டது என்று அறிந்தபோது எனக்குச் சற்றுப் பெருமையாகவே இருந்தது.

எந்த நூலும் எந்தத் தொகுப்பும் நமக்காக முடிவு செய்யாத விஷயங்கள் இரண்டு. முதலாவது அயனாம்சம். மேகநாத் சாஹா தலைமையில் 1952-இல் அமைந்த நாட்காட்டிச் சீர்திருத்தக் குழு, 1956 மார்ச் 21 அன்று 23 பாகை 15 கலை என்று ஏற்றுக்கொண்ட, சித்திரை நட்சத்திரத்தை ஆதாரமாகக் கொண்ட சித்திரபட்ச அயனாம்சமே லாகிரி என்று வழங்குகிறது. வேறொன்றைத் தேர்ந்து 1 கலை மாறினாலும் மாதப் பிறப்பு 24 நிமிடம் நகரும், நட்சத்திர முடிவு 2 நிமிடத்துக்குச் சற்றுக் குறைவாக நகரும். திதி மட்டும் அசையாது. அது இரு ஸ்புடங்களின் வித்தியாசம் என்பதால் அயனாம்சம் கழிபட்டுப் போகிறது. எனவே திதியோடு நிறுத்திக்கொள்பவர்கள் இந்த வழக்கிற்குள்ளேயே போக வேண்டாம்.

இரண்டாவது, சூரியோதயம் என்று எதைச் சொல்வது என்பது. வானியலார் சூரியனின் மேல் விளிம்பு தெரியும் கணத்தை, காற்றில் ஒளி வளைவதற்கான 34 கலையையும் சேர்த்து, மையம் அடிவானத்துக்கு 50 கலை கீழே இருக்கும்போது என்று கொள்கிறார்கள். விளிம்பையும் ஒளிவளைவையும் விட்டு மையத்தை மட்டும் கொள்ளும் கணிதமும் வழக்கில் உண்டு. மதுரையில் இவ்விரண்டுக்கும் மூன்றரை நிமிடம் வித்தியாசம். ராகு காலம் பகலின் எட்டில் ஒரு பங்கு. காலை 6 மணி முதல் மாலை 6 வரை என்று கொண்ட காலண்டர் நேரத்தை விட்டு உண்மையான பகலை எடுத்தால், மதுரையின் பகல் டிசம்பரில் 11 மணி 33 நிமிடத்துக்கும் ஜூனில் 12 மணி 42 நிமிடத்துக்கும் இடையே மாறுவது அதில் தெரியும். நம் ஊர் இந்திய நேரத்துக்குரிய 82.5 பாகைத் தீர்க்கரேகைக்கு மேற்கே இருப்பதால் உச்சிப்பொழுதும் சராசரியாகப் பதினேழரை நிமிடம் பிந்தும்; நவம்பர் தொடக்கத்தில் 12.01-க்கும் பிப்ரவரி நடுவில் 12.32-க்குமாக அது அலையும்.

சரிபார்ப்பதற்கு எனக்கு உதவியவை சில. அழகர் வைகையில் இறங்கிய 2025 மே 12 சித்ரா பௌர்ணமியன்று திதி முடிவு இரவு 10.26 என்று வர வேண்டும். கோவை, திண்டுக்கல், திருச்சி வழியாக வளைய கிரகணம் கடந்த 2019 டிசம்பர் 26 அன்று அமாவாசை முடிவு காலை 10.43. கொல்கத்தாவின் நிலைசார் வானியல் மையம் வெளியிடும் ராஷ்ட்ரிய பஞ்சாங்கம் திதிக்கு நல்ல ஒப்பீடு. ஆனால் அதன் உதய நேரம் 82.5 பாகை கிழக்கு, 23 பாகை 11 கலை வடக்கு என்ற நடு இந்தியப் புள்ளிக்குக் கணிக்கப்படுவதால், அதை மதுரையுடன் வைத்துப் பார்த்துவிட்டு நிரலைத் திருத்தத் தொடங்கிவிடக் கூடாது. இணையம் இல்லாத நாளில் மொட்டைமாடியில் ஒரு கம்பு போதும்: ஏப்ரல் 16-ஐ ஒட்டி மதுரையில் உச்சிவேளையில் நிழல் காலடியிலேயே விழும், அந்த நேரத்தை நிரல் விநாடிக் கணக்கில் சொல்லியாக வேண்டும்.

என் முடிவு இப்படி அமைந்தது. சூரியனையும் சந்திரனையும் மேயூஸை வைத்து நானே எழுதினேன். ஸ்கைஃபீல்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நூறு ஆண்டுகளின் திதி முடிவுகளை ஒப்பிட்டேன். நாளைக்கே வேலை செய்யும் நிரல் வேண்டும் என்பவர் ஸ்கைஃபீல்டோடு நின்றுவிடலாம், அதில் குறை ஒன்றுமில்லை. ஜாதகச் செயலி செய்து விற்க நினைப்பவர் சுவிஸ் எஃபெமெரிஸுக்குரிய பணத்தைக் கொடுத்துவிட்டு நிம்மதியாக இருக்கலாம். கிரகங்களுக்கும் சொந்தத் தொடர்களை எழுதத்தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பவர்களை மட்டும் நான் ஆதரிக்க மாட்டேன். சந்திரனின் 60 வரிகள் கற்றுத் தந்த அளவுக்குச் செவ்வாயின் வரிகள் எனக்கு எதையும் கற்றுத் தரவில்லை.

மாமாவுக்கு நிரல் பிடித்திருந்தது. ஆனால் அவர் பார்த்த முதல் வேலை அதில் சனிப்பெயர்ச்சியைத் தேடியதுதான். திருக்கணிதப்படி 2025 மார்ச் 29 அன்றே சனி மீனத்துக்கு வந்துவிட்டது. திருநள்ளாறு பின்பற்றும் வாக்கியப்படி அது 2026 மார்ச் 6. என் நிரல் முதல் தேதியை மட்டும் சொல்லியது, அவருக்கு இரண்டும் வேண்டும். இதற்கு மேயூஸும் உதவ மாட்டார், அமெரிக்கக் கோப்பும் உதவாது. இதற்கான மூலம் மனப்பாடமாக வந்த அட்டவணைகள். புதுச்சேரியில் பஞ்சாங்கக் கணிதர் ஒருவர் சோழிகளைத் தரையில் பரப்பி, நினைவில் இருந்த சொற்களைக் கொண்டே 1825-இன் சந்திர கிரகணத்தைக் கணித்ததை ஜான் வாரன் பதிவு செய்திருக்கிறார். தொடக்கத்தில் 4 நிமிடமும் நடுவில் 23 நிமிடமும் முடிவில் 52 நிமிடமும்தான் பிழை. சந்திரனுக்கான வழி இது: கலியுகத் தொடக்கத்திலிருந்து எண்ணும் கலி நாள் எண்ணிக்கையிலிருந்து ஒரு குறித்த எண்ணைக் கழித்து, மீதியை 12372, 3031, 248 என்ற சுழற்சிகளால் அடுத்தடுத்து வகுத்து, கடைசியில் எஞ்சும் நாளுக்குரிய வாக்கியத்தை (எண்ணைச் சொல்லாக்கிய தொடரை) எடுக்க வேண்டும். கலி நாளுக்கு ஜூலியன் எண்ணிலிருந்து 588465.5-ஐக் கழித்தால் போதும், அந்தச் செயற்கூறு ஏற்கெனவே என்னிடம் இருக்கிறது. வரருசி இயற்றியதாகச் சொல்லப்படும் 248 வாக்கியங்களைத்தான், எழுத்துகளால் எண்களைக் குறிக்கும் கடபயாதி முறையிலிருந்து எண்ணாக்கித் தட்டச்சு செய்துகொண்டிருக்கிறேன். ‘கீர்ந: ச்ரேய:’ என்ற முதல் வாக்கியம் 12 பாகை 3 கலை. சந்திரன் முடிந்த பிறகுதான் சனி.